பழைய வீட்டை யாருக்காகப் புதுப்பிக்கிறோம்?

ஷஃபான் மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்களில் சுண்ணாம்பு வாளியும் ஏணியும் தெருவுக்கு வந்துவிடும். நோன்புக்கு முன் வீட்டை வெள்ளையடித்துத் துப்புரவாக்குவது நம் முன்னோர் விட்டுச்சென்ற நல்ல வழக்கம். அண்மைக் காலமாக அது வேறொன்றாக வளர்ந்திருக்கிறது. வெள்ளையடிப்பில் தொடங்கும் பேச்சு, தரையை மாற்றுவது, பொய்க்கூரை அமைப்பது, கூடத்துச் சுவரில் தொலைக்காட்சிக்கென மரப்பலகை பதிப்பது என நீண்டு, சில இலட்சங்களில் போய் நிற்கிறது. நிகாஹ் நெருங்கும் வீடென்றால் கேட்கவே வேண்டாம்.

வீட்டைச் செப்பனிடுவதை மார்க்கம் தடுக்கவில்லை என்பதை முதலில் கூறிவிடுகிறோம். வீட்டை அமைதி பெறும் இடமாக ஆக்கித் தந்ததைத் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக அல்லாஹ் அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான். விசாலமான வீட்டை மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அழகும் வெறுக்கப்பட்டதன்று. ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட அலங்காரத் திரையைக் கண்டபோது, கல்லுக்கும் மண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு நாம் ஏவப்படவில்லை என்ற கருத்தில் கூறி அதை அகற்றிய செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் நம் கேள்வி நிற்கிறது. செலவழிக்கும் தொகை அந்த வீட்டில் யாரைச் சென்றடைகிறது?

பெரும்பாலான வீடுகளில் அது கூடத்தைத்தான் சென்றடைகிறது. விருந்தினர் அமரும் இடம் மின்னுகிறது. அங்கிருந்து இரண்டு கதவுகள் தாண்டினால், விறகடுப்புக் காலத்தில் கட்டப்பட்ட அடுக்களை, கரிபடிந்த சுவரும் ஒரேயொரு சிறு சன்னலுமாக அப்படியே இருக்கிறது. சமையல் எரிவாயு வந்து பல பத்தாண்டுகள் ஆகியும் மேடையின் உயரம் மாறவில்லை. பாத்திரம் கழுவுவது இன்னும் குனிந்துதான். ரமலானில் ஸஹருக்கு முன் எழுந்து, அஸருக்குப் பின் கஞ்சிக்கும் வடைக்குமாக மீண்டும் அந்த வெக்கையில் நிற்பவர்கள் நம் வீட்டுப் பெண்கள். நின்று சமைப்பவரின் உயரத்துக்கேற்ப ஏறத்தாழ 32 முதல் 34 அங்குல உயரத்தில் மேடை, அதையொட்டிக் கழுவுதொட்டி, புகையை வெளியேற்றும் விசிறி, தலைக்கு மேல் அன்றிக் கைக்கு நேராக விழும் விளக்கு: இவற்றுக்கு ஆகும் செலவு பொய்க்கூரையின் செலவைவிடப் பெரும்பாலும் குறைவுதான். எனினும் அது விருந்தினர் கண்ணில் படாதே!

அடுத்தது கழிப்பறை. பழைய வீடுகளில் அது கொல்லையில் இருக்கும். முற்றத்தின் படியிறங்கி, ஈரத்தரை கடந்து போகவேண்டும். தஹஜ்ஜுத் வேளையில் இருட்டில் அந்த வழியே செல்லும் எழுபது வயது உம்மாவை நினைத்துப் பாருங்கள். ஒரு முறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், பிறகு அந்தக் குடும்பத்தின் ஆண்டுக்கணக்கே மாறிவிடும். முதியவர் உறங்கும் அறையை ஒட்டிய கழிப்பறை, உட்கார்ந்தெழ வசதியான மேற்கத்தியப் பீடம், சுவரில் உறுதியாகப் பதித்த கைப்பிடி, சொரசொரப்பான தரைக்கல், இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு என எல்லாமே எளியவை. நாமோ கூடம் முழுவதும் கண்ணாடிபோல் பளபளக்கும் கல்லைப் பதித்து, நனைந்த பாதத்தோடு ஒளுச் செய்துவிட்டு வரும் முதியவரைப் பார்த்துக் கவனம், கவனம் என்று கூவிக்கொண்டிருக்கிறோம். ஒளுச் செய்யத் தாழ்வான இருக்கையும் மெல்லிதாக ஒழுகும் குழாயும் வைப்பது, மூட்டுவலிக்கும் நல்லது. ஒரு முத்து அளவு நீரில், அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில், ஒளுச் செய்த நபி (ஸல்) அவர்களின் வழிக்கும் நெருக்கமானது.

பழைய வீட்டை அறியாமல் அதில் கைவைப்பதால் வரும் இழப்பும் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களின் பழைய வீடுகள் சுண்ணாம்புச் சாந்தால் எழும்பியவை. கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த அந்தப் பூச்சு, தரையிலிருந்து ஏறும் ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். அச்சுவர் பொரிந்திருக்கிறது என்று அதன்மேல் சிமெண்டுப் பூச்சும், பட்டியும், பிளாஸ்டிக் பெயின்ட்டும் ஏற்றினால் ஈரம் உள்ளே சிறைப்படும். உப்பு வேறிடம் தேடி இன்னும் உயரத்தில் பூக்கும். இரண்டு மழைக்குள் பெயின்ட் உரிந்து விழும். வீட்டார் மறுபடியும் பட்டி பூசுவார்கள். செய்யத்தக்கது எதிரானது: சிமெண்டைச் செதுக்கி எடுத்து, சுவரடியில் நீர் தேங்காமல் வழிசெய்து, சுண்ணாம்பாலேயே பூசி, சுண்ணாம்பே அடிப்பது. இவ்வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகி வருகிறார்கள். என்றாலும் தேடினால் கிடைக்கிறார்கள்.

மெட்ராஸ் டெரஸ் கூரையுள்ள வீடுகளில் உத்தரங்களும் சட்டங்களும் தேக்கு. நம் வணிகர்கள் பர்மாவோடு கொண்டிருந்த தொடர்பின் மிச்சம் அவை. நடுப்பகுதி இரும்புபோல் இருந்தாலும், சுவருக்குள் புதைந்த முனைகள் ஒழுகலால் உளுத்திருக்கக்கூடும். பொய்க்கூரை மாட்டுவதற்குமுன் அம்முனைகளைத் தட்டிப் பார்க்கவேண்டும். மாட்டிய பிறகு ஒழுகலும் தெரியாது, உளுப்பும் தெரியாது. மின்கம்பிகளும் அவ்வாறே. மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய கம்பிகள் பலவற்றில் எர்த் இணைப்பே இராது. அதில் குளிரூட்டியைப் பொருத்துவது நெருப்போடு விளையாடுவது. தனி இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் பெயின்ட்டுக்கு முன்னால் வரவேண்டியவை.

முற்றத்தைப் பிளாஸ்டிக் தகட்டால் மூடிவிடும் வழக்கம் குறித்து நமக்கு வருத்தம் மிகுதி. தெருவின் பார்வை படாமல் வானத்தையும் காற்றையும் வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்த இடம் அது. சூடான காற்று அதன் வழியே மேலெழுந்து போகும். மூடிய பிறகு வீடு வெந்து, அதற்கொரு குளிரூட்டி வாங்குகிறோம். மழைச்சாரலும் திருட்டுப் பயமும்தான் காரணமென்றால் இரும்புக் கம்பிவலையும் உயர்த்திக் கட்டிய ஓட்டுச் சாய்ப்பும் போதும்.

அறைப் பிரிப்பில் மட்டும் தாராளமாகச் செலவழிக்கலாம் என்போம். ஃபஜ்ருக்கு முன்னும், நண்பகலிலும், இஷாவுக்குப் பின்னும் வீட்டுச் சிறுவர்கள்கூட அனுமதி கேட்டே நுழையவேண்டும் என அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கற்பிக்கிறது. கதவே இல்லாத அறையில் எதைக் கேட்டு நுழைவது?

இனி, பேசத் தயங்கும் இரண்டு செய்திகள். காயலிலும் கீழக்கரையிலும் மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. வீடு பெண்மக்களுக்கு உரியதாவதில் பெரும் நன்மை இருக்கிறது. அதை நாம் போற்றுகிறோம். ஆனால் ஒவ்வொரு நிகாஹுக்கும் முன்னால் மாப்பிள்ளைக்கென ஓர் அறை புதுக்கோலம் பூணவேண்டும் என்னும் எதிர்பார்ப்பு, பெயர் மாற்றிக்கொண்ட வரதட்சணையே. வாய்திறந்து யாரும் கேட்பதில்லை என்பார்கள். பக்கத்து வீட்டில் செய்திருக்கிறார்களே என்ற ஒரு பேச்சு போதாதா? கொடுக்கும் கடமை மஹராக ஆணின்மீது இருக்க, தட்டோடும் குளிரூட்டியுமாகப் பெண்ணின் வாப்பா கடனாளியாகிறார். அந்தக் கடன் வட்டிக்கடனாகவும் இருந்துவிட்டால், சொல்ல ஒன்றுமில்லை. வட்டிக்கு நிர்ப்பந்தம் என்று வாதாடுவோர்கூடப் பொய்க்கூரையை நிர்ப்பந்தம் என்று வாதாட முடியாது.

மற்றொன்று, பாகம் பிரிக்காத வீடு. வாப்பா மறைந்து, உம்மாவும் இரண்டு மகன்களும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள் எனக் கொள்வோம். வேறு வாரிசும் கடனும் வஸிய்யத்தும் இல்லையெனில் வீட்டை 48 பங்காக்கினால் உம்மாவுக்கு 6, ஒவ்வொரு மகனுக்கும் 14, ஒவ்வொரு மகளுக்கும் 7. துபாயில் இருக்கும் காக்கா 12 இலட்சம் அனுப்பி வீட்டைப் புதுப்பிக்கிறார். பத்தாண்டு கழித்துப் பாகப்பிரிவினை வருகிறது. அந்தப் பன்னிரண்டு இலட்சம் உம்மாவுக்குச் செய்த ஊழியமா, எல்லோருக்குமான அன்பளிப்பா, திரும்பவேண்டிய கடனா? அனுப்பியவருக்கு ஒரு நினைவு, லாத்தாவுக்கு வேறொரு நினைவு. பெருநாளைக்குக்கூட முகம் பார்க்காத உடன்பிறப்புகள் நம் மஹல்லாக்களில் எத்தனை பேர் என்பதை ஜமாஅத் நிர்வாகிகள் அறிவார்கள். கடனை எழுதிக்கொள்ளுமாறு அல்பகறாவின் 282ஆம் வசனம் இறங்கியது அந்நியர்களுக்கு மட்டுமல்ல. கொத்தனாரை அழைக்குமுன், வெளிநாட்டில் இருப்பவர் உட்பட வாரிசுகள் அனைவரின் சம்மதத்தையும் பெற்று, தொகை எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, இரு சாட்சிகளோடு ஒப்பமிட்டு வைக்கவேண்டும். கழற்றிய தேக்குக் கதவையும் தூணையும் விற்றால் வரும் பணமும் 48 பங்குக்கு உரியதுதான். ஒருவர் பையில் போகத்தக்கதன்று. எழுதக் கேட்டால் நம்பிக்கையில்லையா என்று முகம் சுளிப்பவர்களிடம், இமாமையே நடுவில் அமர்த்திப் பேசலாம்.

வேலையைத் தொடங்கும் காலத்தையும் சொல்லிவிடுகிறோம். சுண்ணாம்புப் பூச்சு இறுக வாரக்கணக்கில் ஈரம் காத்து ஆறவிடவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது நடவாது. பெருநாளுக்குள் முடித்தாகவேண்டும் என்று ஷஃபானில் தொடங்கி, நோன்பு வைத்த கொத்தனாரை வெயிலில் விரட்டுவதும் முறையன்று. ஆகவே இவ்வாண்டு ஷஃபானுக்கு வெள்ளையடிப்பு மட்டும் போதும். ஏணி வீட்டில் இருக்கும்போதே உத்தர முனைகளைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்; உம்மாவின் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு விளக்கை அன்றைக்கே மாட்டிவிடுங்கள்.