‘சாதாரணக் கட்டிதான்’ என்ற பிறகு யார் பொறுப்பு?

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாக ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கொண்டாடப்படுகிறது. அந்த மாதத்தின் பேரணிகளிலும் உறுதிமொழிகளிலும் இடம்பெறாத பெண்கள் பலர் உள்ளனர். மார்பில் கட்டி இருப்பது தெரிந்து, அது புற்றுநோய் அல்ல என்று கூறி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். ‘பயப்பட வேண்டாம், சாதாரணக் கட்டிதான், ஆறு மாதம் கழித்து வந்து காட்டுங்கள்’ என்பதே அவர்கள் கேட்டுவரும் வாக்கியம். அதன் முற்பாதி நினைவில் நிற்கிறது. பிற்பாதியை நிறைவேற்றுவதற்கான கூலியும் விடுப்பும் பேருந்துக் கட்டணமும் எங்கிருந்து வரும் என்று எவரும் கேட்பதில்லை. மருத்துவம் சார்ந்ததாகத் தோன்றும் இக்கேள்வி, உண்மையில் சாதியும் வர்க்கமும் பாலினமும் சந்திக்கும் இடத்தில் நிற்கிறது.

மறுபரிசோதனை எதற்கு?

மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாதவை. பதின்வயது முதல் முப்பதுகளின் நடுப்பகுதி வரையுள்ள பெண்களிடம் அதிகம் காணப்படுவது ‘ஃபைப்ரோஅடினோமா’ எனும் நார்க்கட்டி. அடுத்த வயதினரிடம் நீர்க்கட்டிகள் மிகுதி. இவை தாமாகப் புற்றுநோயாக மாறுவது மிக அரிது. எனவே கட்டி என்றவுடன் அஞ்சி ஒடுங்கத் தேவையில்லை.

ஆயினும் தொட்டுப் பார்த்து மட்டும் ‘சாதாரணம்’ என்று முடிவு செய்துவிட முடியாது. மருத்துவரின் நேரடிப் பரிசோதனை, ஸ்கேன் அல்லது மேமோகிராம், தேவைப்பட்டால் ஊசி வழித் திசுப் பரிசோதனை ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஸ்கேன் அறிக்கையில் ‘பைராட்ஸ் 3’ என்று குறிக்கப்படும் கட்டி, புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தச் சிறு வாய்ப்பைக் கண்காணிக்கவே 6, 12, 24 ஆம் மாதங்களில் மறுபரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. நார்க்கட்டியைப் போலவே தோன்றி விரைந்து வளரும் ஃபிலாய்ட்ஸ் கட்டிகளும் உண்டு. திசுப் பரிசோதனையில் இயல்பு பிறழ்ந்த செல் பெருக்கம் தெரிந்தால், பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். கட்டி பெரிதாவது, தோல் சுருங்குவது, காம்பு உள்ளிழுப்பது, காம்பில் இரத்தம் கசிவது, அக்குளில் கட்டி தோன்றுவது ஆகியவை ஆறு மாதத் தவணைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள்.

எண்ணப்படாத பெண்கள்

2022 ஆம் ஆண்டுக்கான குளோபோகான் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் இறந்தனர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தமிழ்நாட்டின் நிலை இதனினும் மேல். எனினும் பத்தில் ஒருவர் என்ற அளவை இங்கும் எட்டவில்லை.

இந்தியாவில் தலித் பெண்கள், ஆதிக்கச் சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018 இல் சுட்டிக்காட்டியது. இந்த இடைவெளியில் தாமதமாகக் கண்டறியப்படும் நோய்களின் பங்கு எவ்வளவு? புற்றுநோய்ப் பதிவேடுகளின் அறிக்கைகள் வயது வாரியாகவும் மாவட்ட வாரியாகவும் பேசுகின்றன. சாதி வாரியாகப் பேசுவதில்லை. எண்ணப்படாத மரணங்களுக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

திட்டத்தின் இடைவெளி

2016 இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல், 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை என்கிறது. நார்க்கட்டி அதிகம் தோன்றும் இளம்பெண்கள் பலர் இந்த வயதுவரம்புக்கு வெளியே நிற்கிறார்கள். பரிசோதனைக்கு உட்பட்டவர்களிலும், எத்தனை பேர் பரிசோதிக்கப்பட்டார்கள் என்பதே சாதனையாகச் சொல்லப்படுகிறது. எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது பேசப்படுவதில்லை.

திரும்பி வராததை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. ஒப்பந்தத் தூய்மைப் பணியிலோ விவசாயக் கூலியிலோ செங்கல் சூளையிலோ இருப்பவருக்கு ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் பட்டினி. மார்பக ஸ்கேனுக்கும் திசுப் பரிசோதனைக்கும் பெரும்பாலும் மாவட்டத் தலைநகரத்துக்குச் செல்ல வேண்டும். ஒரு நாளில் முடியாவிட்டால் இரண்டாம் நாள். அங்கே பெண் மருத்துவர் இல்லையென்றால் கூச்சம். முகவரியில் காலனி என்று கண்டதும் மாறும் பேச்சுத் தொனி. இத்தனையையும் கடந்து, வலியே இல்லாத ஒரு கட்டிக்காக ஆண்டுக்கு இருமுறை வரச் சொல்கிறோம்.

இது தீர்க்க முடியாத சிக்கல் அன்று. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ‘பிக்மி’ எண் தரப்படுகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் அவரைத் தேடிச் செல்கிறார். 2021 இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசேர்க்கிறது. தாயாகப்போகும் உடலைப் பின்தொடரத் தெரிந்த அரசுக்கு, உழைக்கும் உடலைப் பின்தொடரவும் இயலும்.

செலவும் தடையன்று. மும்பைக் குடிசைப்பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களிடம் இருபதாண்டுகள் நடத்திய ஆய்வு 2021 இல் வெளியானது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததால் நோய் முந்தைய நிலையிலேயே பிடிபட்டது. 50 வயதைக் கடந்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. இளையவர்களிடம் அத்தகைய குறைவு காணப்படவில்லை. அவர்களுக்குக் கட்டி தெரிந்தபின் நடக்கும் முறையான தொடர்கண்காணிப்பே முக்கியம்.

கேட்க வேண்டியவை

கட்டி கண்டறியப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் அடுத்த தேதி குறித்த அட்டை, தவறினால் தேடி வரும் செவிலியர், பரிசோதனை நாளுக்கு ஊதியத்துடன் விடுப்பு, வட்ட மருத்துவமனை அளவில் மார்பக ஸ்கேன், சாதிவாரித் தரவு. இவை சலுகைகள் அல்ல. 1928 இல் பம்பாய் சட்டமன்றத்தில் பிரசவகாலச் சலுகை மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், உழைக்கும் பெண்ணின் உடல்நலத்துக்கான விலையை அவள் கூலியிலிருந்து பிடிக்கக்கூடாது என்ற நியாயத்தை அன்றே முன்வைத்தார். அந்த நியாயம் பிரசவத்தோடு முடிவதில்லை.

கல்லூரி மாணவியரும் களப்பணியாளர்களும் உடனே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. உங்கள் தெருவில், விடுதியில், சங்கத்தில் ‘சாதாரணக் கட்டி’ என்று சொல்லப்பட்ட பெண்ணிடம் அடுத்த பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். அவரிடம் தேதி இல்லையென்றால், அதை வாங்கித் தருவதிலிருந்து உங்கள் பணி தொடங்கட்டும்.