நிமோனியாவும் தலைவிதியும்

எச்.ஐ.வி. உள்ள ஒருவருக்குக் குளிர்ஜுரமும் இருமலும் நெஞ்சுவலியும் கண்டுவிட்டால், "இனி அவ்வளவுதான், செய்த பாவத்தின் பலன்" என்று சொல்லிக் கைகட்டி நிற்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். இது அறிவீனம் மாத்திரமல்ல, பிழைக்கக்கூடிய உயிரை வீணாய்ப் போக்கும் காரியமுமாகும் என்பதே நமது அபிப்பிராயம்.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-ல் சென்னையிலேயாகும். கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும், டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் ஆவார்கள். அது இரத்தத்திலுள்ள சி.டி.4 என்னும் காவல் அணுக்களை அழிக்கிறது. காவல் தளர்ந்த வீட்டில் திருடன் புகுவதுபோல், பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடக்கும் நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியா நுரையீரலில் புகுந்து நிமோனியாவை உண்டாக்குகிறது. காவல் அணுக்கள் ஓரளவு இருக்கும்போதேகூட இது வரலாம்.

நிற்க, பாவந்தான் காரணம் என்கிறவர்களைக் கேட்கிறோம். தாய் வயிற்றிலேயே கிருமியை அடைந்த பிள்ளை செய்த பாவம் என்ன? புருஷனிடமிருந்து அடைந்த மனைவி செய்த பாவம் என்ன? அன்றியும், தலைவிதியாயிருந்தால் அது பெனிசிலின் இன மருந்துக்கு அடங்குவானேன்? காலத்தில் மருந்து கொடுத்தால் இவர்களிலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்களே, அது எந்தத் தேவதையின் கிருபை?

ஆகவே செய்யவேண்டியது என்ன? மூச்சுத் திணறும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். காசநோயும் இப்படியே வருமாதலால் கபத்தைச் சோதித்து, எக்ஸ்ரே எடுக்கவேண்டும். எச்.ஐ.வி. மருந்தை ஒருநாளும் நிறுத்தக்கூடாது. நிறுத்தி நிறுத்தி உண்டவர்களுக்கே நிமோனியா அதிகம் என்பதைப் பல நாடுகளில் நடந்த 'ஸ்மார்ட்' என்னும் ஆராய்ச்சி காட்டிவிட்டது. அம்மருந்து நம் நாட்டில் 2004 முதல் சர்க்கார் மூலம் இலவசமாய்க் கிடைக்கிறது. பீடி, சிகரெட்டை விட்டொழிக்கவேண்டும். நிமோகாக்கஸுக்குத் தடுப்பூசியும் உண்டு. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில், இக்கிருமியால் ஒருமுறை கடும் நோயுற்றுப் பிழைத்தவர்களுக்கு அதைப் போட்டுப் பார்த்ததில், ஊசி தடுக்கும் வகைகளால் நோய் திரும்புவது ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்ததாக 2010-ல் வெளியாயிற்று. வைத்தியரைக் கேட்டு அதைப் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் இருந்தும் ஒருவன் சாகிறானென்றால், பெரும்பாலும் அவனைக் கொல்வது கிருமியைவிட வெட்கமே என்போம். அண்டை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று பயந்து நோயை மறைக்கிறான். அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் நாமல்லவா? எச்.ஐ.வி. உள்ளவரை வேலையிலும் வைத்தியத்திலும் ஒதுக்கக்கூடாதென்று 2017-ல் சட்டமே செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டம் நம் வீட்டுத் திண்ணை வரையில்தான் வரும். உள்ளே வரவேண்டியது அறிவும் மனிதத்தன்மையுமேயாகும்.

எனவே தோழர்களே! அடுத்த வீட்டில் இருமல் கேட்டால் பாவ புண்ணியக் கணக்குப் பார்க்காதீர்கள். ஒரு வண்டியைப் பாருங்கள்.