தெருவைப் பார்த்திருக்கும் திண்ணை



பாபநாசத்தின் பழைய தெருக்களில் திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. பகலில் முதியவர்களும் மாலையில் பிள்ளைகளும் அவற்றில் அமர்ந்திருப்பார்கள். சற்று அப்பால், நேற்றுவரை நெல் விளைந்த வயலை மனைகளாகப் பிரித்து எழும்பிய புதிய நகர்களுக்கு வாருங்கள். ஆளுயர மதில், இரும்புக் கதவு, 'நாய் ஜாக்கிரதை'. அங்கே உங்களைச் சந்திக்க வரும்போது மணியை அழுத்திவிட்டு வெயிலில் நிற்கிறேன். ஒதுங்க நிழல்கூட இல்லை.

இவ்விரு விதத் தெருக்களையும் ஒரே ஊரில் காண விரும்பினால் புதுச்சேரிக்குச் செல்லுங்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் பகுதியில் உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும்; தோட்டமும் அழகும் உள்ளேயே. மேற்கே தமிழர் வீதிகளில் வழிப்போக்கருக்குத் தாழ்வாரம், வந்தவர் அமரத் திண்ணை, அதற்குப் பின்னரே வாசற்படி.

ஆனாலும் பழைய திண்ணையைப் புகழ்ந்துகொண்டே போக என் மனம் ஒப்பவில்லை. அது எல்லாருக்கும் உரியதாயிருக்கவில்லை. மேல்தெருக்களில் செருப்பணிந்து நடக்கவும் உரிமை மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நம் சபையில் இருக்கிறார்கள். அவர்களுடைய குடியிருப்பு வயலுக்கு அப்பால் ஒதுக்கப்பட்டிருந்தது. பெரும்பாலும் இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. புது வீட்டுக்கு மதில் எழுப்பிக்கொண்டிருந்த ஒருவர், "ஐயா, அந்தத் திண்ணையில் எங்கள் தாத்தா உட்கார்ந்ததே இல்லை; எனக்கு எதற்கு அது?" என்று கேட்டார். அன்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் பகுதியிலிருந்து பலர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், வீட்டு முகப்புகளில் கூரையிட்ட நடைவழி ஒன்று எந்நேரமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்றது. சிராங்கூன் சாலையின் பழைய கடைவீடுகளில் அந்த ஐந்தடி வழியை இன்றும் காணலாம். பிற்காலத்தில் அரசு எழுப்பிய அடுக்குமாடிகளிலோ தரைத்தளத்தையே திறந்தவெளியாக விட்டார்கள். மலாய்க்காரர் திருமணமும் சீனர் வீட்டு இழவும் அங்கே நடக்கின்றன. வந்து அமர்ந்தவரை எழுப்பிவிட அங்கே ஒரு வீட்டுக்காரர் இல்லை.

பாபிலோனிலிருந்து திரும்பிய ஜனங்களுக்கு எருசலேமின் மீட்பைத் தீர்க்கதரிசி சகரியா எப்படிக் காட்டுகிறார் என்பதை எட்டாம் அதிகாரத்தில் கவனியுங்கள். தெருவிலே கோலூன்றிய முதியோர். அதே தெருவிலே விளையாடும் சிறுவர் சிறுமியர். யாருடைய வாசலில் என்று அவர் சொல்லவில்லை.

வீடு கட்டத் தொடங்கியிருக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மதில் கட்டுங்கள்; திருட்டுப் பயம் பொய்யல்ல. ஆனால் அதை உங்கள் மனைக்குள்ளேயே இரண்டடி தள்ளிக் கட்டி, வெளிப்புறத்தில் உட்காரும் உயரத்துக்கு ஒரு மேடையும் மேலே ஒரு சாய்ப்பும் வையுங்கள். கொத்தனாருக்குச் சில நாள் வேலைதான். அங்கே வந்து அமர்கிறவரிடம் 'எந்தத் தெரு?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆயர் இல்லத்துக் கதவும் பூட்டியே கிடக்கிறதே என்பீர்கள், உண்மைதான். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் மேடையை அங்கேயே கட்ட அனுமதி கேட்கப் போகிறேன்.