பார்க்க வருகிறவர் கையில் ஒரு நூல்

மருத்துவமனையில் இருப்பவரைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது நம் வழக்கம். ஆரஞ்சு, ரொட்டி, சத்துமாவு, இளநீர் என்று எதையாவது பையில் எடுத்துக்கொள்கிறோம். கொல்லிமலையில் அந்தப் பைக்குள் மலைவாழைப் பழமும், பருவத்தில் பலாச்சுளையும் அன்னாசியும் சேர்ந்துகொள்கின்றன. அவற்றுள் பாதியை நோயாளி உண்ணக்கூடாது என்று செவிலியர் தடுப்பதும், துணைக்கு இருப்பவரே உண்டு தீர்ப்பதும் நாம் அறிந்ததே. அந்தப் பையில் மெல்லிய நூல் ஒன்றுக்கும் இடம் வேண்டும் என்பது நம் கருத்து. அதைக் கட்டிலோரம் வைத்துவிட்டுப் போனால் போதாது. அடுத்த முறை வரும்போது அதைப் பற்றிப் பேசவும் வேண்டும்.

நோய் வந்தவுடன் முதலில் சுருங்குவது பேச்சு. சர்க்கரை எவ்வளவு, சோறு இறங்குகிறதா, டாக்டர் என்ன சொன்னார் என்ற மூன்று கேள்விகளுக்குள் ஒரு மனிதரின் உலகம் அடைபட்டுவிடுகிறது. நேற்றுவரை ஊர் நடப்புகளைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவரிடம் இன்று யாரும் கருத்துக் கேட்பதில்லை. மருந்து, உணவு, அறிவுரை, இரக்கம் என எல்லாவற்றையும் வாங்கிக்கொள்பவராக மட்டுமே அவர் ஆகிவிடுகிறார். உடல்வலியைவிட இது பலரை அதிகம் வருத்துகிறது. படித்த கதையொன்றைச் சுட்டி, “இதைப் படித்துப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும்” என்று வந்தவரிடம் அவர் சொல்லும்போது, கொடுக்கும் இடத்திற்கு மறுபடியும் வந்து அமர்கிறார்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் சிற்றூரில் பிறந்த இரண்டு நண்பர்களை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். கி.ரா.வின் பள்ளிப் படிப்பு இடையிலேயே நின்றுபோயிற்று. இளமையில் காசநோய் அவரைப் பற்றிக்கொண்டது. அவர் நூல்களைப் படித்தும், பாட்டுக் கேட்டும், நண்பர்களோடு பேசியும் தம்மை வளர்த்துக்கொண்டவர். அழகிரிசாமி பத்திரிகைப் பணிக்காகச் சென்னைக்குச் சென்றார். பின்னர் மலேயாவுக்கும் சென்றார். ஊரிலிருந்த நண்பருக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாகவே வெளிவந்தன. இலக்கியமும் சங்கீதமும் நிறைந்தவை அவை. நோயும் வயல்வேலையும் ஊரோடு பிணைத்து வைத்திருந்த ஒருவருக்கு அப்படியொரு கடிதத்தைவிடப் பெரிய வருகை வேறென்ன இருந்திருக்க முடியும்?

கி.ரா. எழுத வந்தது காலம் தாழ்ந்துதான். ‘மாயமான்’ என்ற கதை 1958இல் ‘சரஸ்வதி’ இதழில் வெளியானபோது அவர் முப்பது வயதை நன்கு கடந்திருந்தார். அழகிரிசாமி 1970இல் மறைந்தார். ‘அன்பளிப்பு’ தொகுப்புக்கான சாகித்திய அகாதெமி விருது அதே ஆண்டில் அவர் மறைவுக்குப் பின்னரே வந்தது. கி.ரா.வுக்கு ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக அவ்விருது 1991இல் கிடைத்தது. இளமையில் காசநோயைச் சுமந்த அந்த மனிதர் 2021 வரை வாழ்ந்தார். நூல்கள் அவர் நோயைத் தீர்த்தன என்று நாம் சொல்லவில்லை. நோயைத் தீர்ப்பது மருந்தே. நோயுற்றிருந்த காலத்தில் அவர் வெறும் நோயாளியாகிவிடாமல் காத்ததில் நூல்களுக்கும் நண்பர்களுக்கும் பங்குண்டு என்பது மட்டுமே நம் துணிபு.

காசநோயைப் பற்றிப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நூல்களைக் கைமாற்றிக்கொள்ள வேண்டும் என்றவுடன், “தொற்றிக்கொள்ளாதா?” என்ற கேள்வி எழும். இந்த அச்சம் பழையது. நூலகப் புத்தகங்கள் வழியே காசநோயும் பிற நோய்களும் பரவும் என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரும் பீதி நிலவியது. தொற்றுநோய் உள்ளவர் நூலகத்திலிருந்து நூல் எடுக்கக்கூடாது என்று இங்கிலாந்தில் 1907இல் சட்டமே இயற்றினார்கள். இன்று நமக்குத் தெளிவாகத் தெரியும்: காசநோய் காற்றின் வழியாகப் பரவுவது, தாளின் வழியாகவோ தட்டின் வழியாகவோ பரவுவதில்லை. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்க வேண்டியதில்லை என்பதை உலகுக்குக் காட்டியதும் நம் சென்னைதான். 1956இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம் நடத்திய ஆய்வில், வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் தங்கி மருந்துண்டவர்களைப் போலவே குணமடைந்தார்கள். வீட்டாருக்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை. ஆகவே, மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் முகக்கவசமும் காற்றோட்டமான இடமும் தேவை. புத்தகத்தை ஒதுக்கத் தேவையில்லை. நோயெதிர்ப்பு ஆற்றல் மிகக் குறைந்திருப்பவர்களும், தோல்தொற்று உள்ளவர்களும் மட்டும் பிறர் கைப்பட்ட நூலை வாங்குமுன் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இனி, இலக்கு வைத்துப் படிப்பதைப் பற்றி. ஆண்டின் தொடக்கத்தில், சென்னைப் புத்தகக் காட்சி கூடும் வேளையில், “இவ்வாண்டு ஐம்பது நூல், நூறு நூல்” என்று உறுதி பூணுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நல்ல பழக்கந்தான். ஆனால் நலமாக இருப்பவரின் அளவுகோலை நோயுற்றவரின் கையில் கொடுப்பது முறையன்று. மருந்தின் அயர்வில் ஒரே பத்தியை மூன்று முறை படித்தும் மனத்தில் நிற்காத நாட்கள் உண்டு. அந்நாட்களில் ‘ஐம்பது’ என்ற எண் இன்னொரு தோல்வியாகவே கண்முன் நிற்கும். நோயாளிக்கும் துணைவருக்கும் எண்ணிக்கையைவிட நாட்கணக்கே பொருந்தும். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். நாளொன்றுக்கு 5 பக்கம் என்று வைத்தால் 180 நாளில் 900 பக்கம். 150 பக்க நூல்கள் ஆறு முடிந்துவிடும். மாத்திரை உண்டபின் ஐந்து பக்கம் என்று சேர்த்து வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று நினைவூட்டும். முடியாத நாளில் விட்டுவிடலாம். மாத்திரையைத்தான் விடக்கூடாது, பக்கத்தை விடலாம்.

பாதியில் நிறுத்தவும் உரிமை உண்டு. நண்பர் அன்போடு கொடுத்தார் என்பதற்காகப் பிடிக்காத நூலை வலிந்து விழுங்க வேண்டியதில்லை. “எனக்கு இது ஒட்டவில்லை” என்று சொல்வதும் பேச்சுக்கு நல்ல தொடக்கமே. அதிலிருந்து அடுத்த நூல் எதுவென்று நண்பருக்குப் புரிந்துவிடும்.

நூலைப் பரிந்துரைப்பவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நோயை வென்றவர்களின் கதைகளையும், மனவலிமையால் எல்லாம் ஆகும் என்று கூறும் நூல்களையும், நோயாளியே கேட்டாலொழிய எடுத்துச் செல்லாதீர்கள். இருபத்துநான்கு மணிநேரமும் நோயோடு இருப்பவருக்கு, படிப்பிலும் நோயைப் பரிமாறுவது இரக்கமற்ற செயல். அதைப் போலவே நூலின் எடையையும் பாருங்கள். ‘பொன்னியின் செல்வன்’ எத்துணைச் சுவையானதாயினும், ஊசி குத்திய கையால் அதன் தடித்த பதிப்பைத் தூக்கிப் பிடித்துப் படுத்தபடி படிப்பது எளிதன்று. தனித்தனியாக அச்சிட்ட சிறுகதைகளும், பெரிய எழுத்தில் வந்த மெல்லிய நூல்களும் கட்டிலுக்கு உகந்தவை.

நம்மிடம் கேட்டால் மூன்றைச் சொல்வோம். முதலாவது, மேலே சொன்ன அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ என்ற கதை. புத்தகப் பித்துப் பிடித்த சில குழந்தைகளும், அவர்களுக்கு நூல்கள் கொண்டுவரும் ஒரு மனிதரும் அதில் வருகிறார்கள். ஒரே அமர்வில் படித்துவிடலாம். முடிவை இங்கே சொல்லமாட்டோம்; கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதை அதன்பின் நீங்கள் வேறு விதமாக எண்ணுவீர்கள். இரண்டாவது, நம் மாவட்டத்துக் கவிஞரான நாமக்கல் வெ. இராமலிங்கம் பிள்ளையின் ‘மலைக்கள்ளன்’. 1954இல் வெளிவந்த திரைப்படமாக அதைப் பார்த்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மகன் நூலைப் படிக்க, தந்தை படத்தைச் சொல்ல, ஒரு பிற்பகல் போவதே தெரியாது. மூன்றாவது, புறநானூற்றின் 204ஆம் பாட்டு. இம்மலைக்குத் தலைவனாகிய வல்வில் ஓரியைக் கழைதின் யானையார் பாடியது. ஒன்றைக் கேட்பது, மறுப்பது, கொடுப்பது, கொடுத்ததை வேண்டாமென்பது ஆகிய நான்கையும் எடைபோட்டுப் பார்க்கிற பாட்டு அது. இரவல் கேட்கத் தயங்குகிறவர்களும், இரவல் கொடுக்க அஞ்சுகிறவர்களும் உரையோடு ஒருமுறை படிக்கலாம். பதினான்கு வரிகள் கொண்ட பாட்டு. மூன்று நாள் பேச்சுக்குப் போதும்.

எழுத்தறியாத பெரியவர்களை என்ன செய்வது என்று கேட்கலாம். நம் மலையூர்களிலிருந்து வருகிற பாட்டிமார், தாத்தாமார் பலர் படித்தவர்கள் அல்லர். படித்தவர்களுக்கும் கண்புரை மறைக்கிறது. அவர்களுக்குத் துணையாக இருக்கும் பேரனோ மருமகளோ தாழ்ந்த குரலில் வாசித்துக் காட்டலாம். ஐந்து பக்கம் கேட்டவர் பதிலுக்கு ஒரு கதை சொல்லட்டும்: சாமை விதைத்த காலம், மலைச்சாலை வருமுன் நடந்து இறங்கிய வழி, தன் பாட்டியிடம் கேட்ட பேய்க்கதை என எதுவாயினும் சரி. கி.ரா. கரிசல் மக்களின் வாய்மொழிக் கதைகளைத் தேடித் தேடித் திரட்டியவர். அவர்கள் பேசிய சொற்களுக்கு அகராதியே தொகுத்தவர். ஆதலால் இதுவும் நூல் மாற்றிக்கொள்வதற்கு ஒப்பானதே. கேட்ட கதையைப் பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு வாசித்துக் காட்ட ஒன்று கிடைத்துவிடும்.

துணைக்கு இருப்பவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். நோயாளி உறங்கியபின் தாழ்வாரத்தில் கைப்பேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி அவர்கள் விழித்திருக்கிறார்கள். தேடக்கூடாத நோய்ப் பெயர்களை அந்நேரத்தில்தான் தேடுகிறார்கள்; கண்டதையெல்லாம் படித்து அஞ்சுகிறார்கள். அந்த ஒரு மணிநேரத்துக்கு ஒரு சிறுகதை இருந்தால் எத்துணை ஆறுதல்! பக்கத்துக் கட்டிலின் துணைவரும் அதே கதையைப் படித்தால், காலையில் வெந்நீர் பிடிக்க வரிசையில் நிற்கும்போது பேச இரத்தப் பரிசோதனை முடிவைத் தவிர வேறொன்றும் இருக்கும்.

நூலைத் திருப்பித் தரும்போது கடைசி வெற்றுப் பக்கத்தில், படித்து முடித்த தேதியையும் யாருக்கு இது பிடிக்கும் என்பதையும் பென்சிலால் குறித்து வையுங்கள். பெயர் வேண்டாம், “மழை பிடித்தவருக்கு”, “அண்ணன் தம்பியோடு சண்டையிட்டவருக்கு” என்றால் போதும். மேல்சிகிச்சைக்காக நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்குகிறவர்கள் நூலையும் உடன் கொண்டு செல்லலாம். ஆனால் காரவள்ளி வரையில் அது பைக்குள்ளேயே இருக்கட்டும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகத்தை விரித்தவரின் வயிறு இரண்டாம் பக்கத்தைக் கண்டதில்லை.