கணக்கப்பிள்ளைகளின் பரலோகம்

பைபிளின் கடைசிப் புத்தகத்தைக் கையில் எடுக்கிறவர்கள் இரண்டு ரகம். காலண்டரும் பென்சிலுமாக உட்காருகிறவன் ஒருவன். அவனைப் பார்த்துச் சிரிக்கிறவன் இன்னொருவன். இவர்கள் எதிரிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒன்றும் இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் என்பது வரப்போகும் சம்பவங்களின் அட்டவணை என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமையே கிடையாது. பலிக்கும் என்கிறான் முதலாமவன். பலிக்கவில்லையே என்கிறான் மற்றவன். படிமங்களால் யோசிக்கிற ஒரு மனத்தின் சிருஷ்டி அது என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. இலக்கியம் பேசுகிற நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது வரிசையில் சௌகரியமாக நின்றுகொண்டிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வரிசையை முதலில் பார்ப்போம். நியூயார்க் மாநிலத்தில் லோ ஹாம்ப்டன் என்ற ஊரில் விவசாயம் செய்துகொண்டிருந்த வில்லியம் மில்லர், தானியேல் 8-ம் அதிகாரத்தின் 2300 நாட்களை 2300 வருஷங்களாக வைத்து, கி.மு. 457-லிருந்து எண்ணி, 1843-ஐ ஒட்டி கிறிஸ்து திரும்பி வருவார் என்று கண்டார். வரவில்லை. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய வருஷம் கிடையாது என்பதும் சேர்ந்துகொள்ள, கணக்கு 1844-க்கு நகர்ந்தது. அந்த இயக்கத்தைச் சேர்ந்த சாமுவேல் ஸ்னோ, யூதர்களின் பாவநிவாரண நாளை வைத்து அக்டோபர் 22 என்று தேதியே குறித்தார். அறுவடை செய்யாமல் வயலை விட்டவர்கள் உண்டு. கடையை மூடியவர்கள் உண்டு. தேதி வந்தது, போயிற்று. அமெரிக்க மதச் சரித்திரத்தில் அதற்குப் பெயரே 'மகா ஏமாற்றம்'. வெள்ளை அங்கி உடுத்திக்கொண்டு குன்றுகளின் மேல் காத்திருந்தார்கள் என்று ஒரு கதையும் பரவிற்று. அதற்குச் சரியான ஆதாரம் கிடையாது. சிரிக்கிறவர்களும் தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்கிறவர்கள்தான்.

மில்லராவது தேதி தவறியதை ஒப்புக்கொண்டவர். பின்னால் வந்தவர்களுக்கு அந்தக் கூச்சமும் குறைந்துபோயிற்று. ஹால் லிண்ட்ஸே 1970-ல் வெளியிட்டு அமோகமாக விற்ற புத்தகம், மிருகத்தின் பத்துக் கொம்புகளை ஐரோப்பியப் பொதுச் சந்தையில் கண்டது. இஸ்ரேல் உருவான 1948-லிருந்து ஒரு தலைமுறை, சுமார் நாற்பது வருஷம் என்று கணக்குக் காட்டிற்று. 1981-ல் கிரீஸ் சேர்ந்து உறுப்பு நாடுகள் பத்தாயின. 1986-ல் பன்னிரண்டாயின. மிருகத்துக்கு இரண்டு கொம்பு அதிகமாக முளைத்ததால் வியாபாரம் படுத்துவிடவில்லை. வடக்கிலிருந்து படையெடுத்து வரவேண்டிய சோவியத் யூனியன் 1991-ல் இல்லாமலே போயிற்று. ஹெரால்ட் கேம்பிங் வானொலியில் 2011 மே 21 என்றார். பிறகு அக்டோபர் 21 என்றார். விளம்பரப் பலகைகளுக்குத் தங்கள் சேமிப்பைக் கொடுத்தவர்களுக்கு இரண்டு தேதிகளும் பதில் சொல்லவில்லை.

இவர்களை மோசடிக்காரர்கள் என்று முடித்துவிடுவது சுலபம். அது கிடக்கட்டும். வாசகர்கள் என்ற அளவில் இவர்கள் எங்கே தவறுகிறார்கள் என்பதே நம் கவலை. படிமத்தை இவர்கள் தபால் உறையாக எடுத்துக்கொள்கிறார்கள். கிழித்து உள்ளே இருக்கும் சீட்டை எடுத்தபின் உறை குப்பைக்கூடைக்கு. கொம்பு என்றால் நாடு. வெட்டுக்கிளி என்றால் ஹெலிகாப்டர். நம்முடைய புதுக்கவிதைகளையும் இதே விரல்கள்தாம் பிரிக்கின்றன. கிணறு என்றால் ஆழ்மனம், பறவை என்றால் விடுதலை. அர்த்தம் கைக்கு வருகிறது. கவிதை செத்துக் கிடக்கிறது. இப்படிப் பொழிப்புரை எழுதுகிற விமர்சகனுக்கு, தேதி குறிக்கிறவனைக் கேலி செய்ய என்ன யோக்கியதை?

'புத்தகமே கணக்குப் போடச் சொல்கிறதே' என்பார்கள். நியாயமான கேள்வி. 13-ம் அதிகாரம் மிருகத்தின் எண்ணைக் கணக்கிடச் சொல்லத்தான் செய்கிறது. எபிரேய எழுத்துக்களுக்கு எண் மதிப்பு உண்டு. நீரோ சீஸர் என்ற பெயரை அந்த எழுத்துக்களில் எழுதிக் கூட்டினால் 666 வரும். சில பழைய பிரதிகளில் 616 என்றிருக்கிறது. பெயரை லத்தீன் உச்சரிப்பில் எழுதினால் அதுவும் வரும். ஆனால் இரெனேயுஸின் சாட்சியப்படி புத்தகம் பிறந்தது தொமீஷியன் ஆட்சியின் முடிவில். அப்போது நீரோ செத்துக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. செத்த அரசனின் பெயரைக் கண்டுபிடிக்க வைப்பது என்ன ஜோசியம்? அவன் திரும்பி வருவான் என்ற பேச்சு அன்று ஜனங்களிடம் இருந்தது. சாவுக்காயம் ஆறிப் பிழைத்த மிருகம் அந்த அச்சத்திலிருந்து எழுந்தது. ஆள் போனாலும் அந்த அதிகாரம் வேறு முகத்தோடு திரும்பும் என்கிற தரிசனம் அது. தானியேல் தனித்தனியாகக் கண்ட சிங்கமும் கரடியும் சிறுத்தையும் இங்கே ஒரே உடம்பாகியிருப்பதும் அதனால்தான். இரண்டாம் நூற்றாண்டிலேயே இரெனேயுஸ் சில பெயர்களைப் பரிசீலித்துவிட்டு எதையும் அறுதியிட மறுத்தார். பதினெட்டு நூற்றாண்டு கழிந்தும் அந்த நிதானம் நமக்கு வரவில்லை.

18-ம் அதிகாரத்தைப் பாருங்கள். பாபிலோன் எரிகிறது, தூர நின்று அழுகிறவர்கள் வியாபாரிகள். இனி வாங்க ஆளில்லாத சரக்குகளின் ஜாபிதா வருகிறது. பொன்னில் தொடங்கி, முத்து, பட்டு, தந்தம், மது, எண்ணெய், கோதுமை, ஆடுமாடு, குதிரை, ரதம் என்று போய், மனித உடல்களிலும் உயிர்களிலும் முடிகிறது. அடிமைச் சந்தையை ஒரு ஜாபிதாவின் கடைசி இனமாக வைத்த கை தேர்ந்த கலைஞனின் கை. பாபிலோன் எந்த ஊர், ரோமா, நியூயார்க்கா என்று விரலை நீட்டிக்கொண்டிருக்கிறவன் இந்த ஜாபிதாவைத் தாண்டிப் போய்விடுகிறான். நாம் எந்தச் சந்தையில் நிற்கிறோம் என்று அது கேட்பது அவன் காதில் விழுவதில்லை.

சிரிக்கிறவர்களில் விதிவிலக்கு டி.எச். லாரன்ஸ். அவர் செத்தபின் 1931-ல் வந்த 'அப்போகலிப்ஸ்' இந்தப் புத்தகத்தைப் படிமமாகவே படிக்கிறது, வெறுக்கவும் செய்கிறது. பலமற்றவர்களின் பொறாமை, அதிகாரத்தில் இருப்பவர்களை அழித்துத் தாங்கள் ஆளத் துடிக்கும் வெறி என்கிறார். அந்த வெறி இதில் இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது. ஆலையிலிருந்து பெருகும் ரத்தம் குதிரைக் கடிவாளம் வரை ஏறுகிறது. ஆனால் 5-ம் அதிகாரத்தில் ஜெயித்த சிங்கம் என்று யோவான் காதில் விழுகிறது. திரும்பிப் பார்த்தால் நிற்பது வெட்டுண்ட ஆட்டுக்குட்டி. வெற்றி என்ற சொல் அந்த இடத்தில் தலைகீழாகிறது. லாரன்ஸ் இதற்குக் கொடுக்கவேண்டிய எடையைக் கொடுக்கவில்லை.

அந்தத் திருப்பத்தை விட்டால் விசுவாசிக்குக் கிடைக்கும் பலனும் புரியாது. கணக்கப்பிள்ளையின் பேரேடு தேதியோடு நிற்பதில்லை. இத்தனை ஜெபம், இத்தனை காணிக்கை, இத்தனை பாடு. அதற்கு இன்ன கிரீடம். புதிய ஏற்பாட்டில் சிதறிக் கிடக்கும் கிரீடங்களைப் பொறுக்கி, ஐந்து என்று எண்ணி, எந்த ஊழியத்துக்கு எது என்று அட்டவணை போடுகிற பிரசங்கம் உண்டு. பரலோகம் சம்பளப் பட்டுவாடா ஆகிறது. ஆனால் ஆசியாவின் ஏழு சபைகளுக்கான கடிதங்களில் வாக்களிக்கப்படுவது என்ன? ஜீவமரத்தின் கனி, மறைவான மன்னா, விடிவெள்ளி, வெண்வஸ்திரம். பெர்கமு சபையில் ஜெயிக்கிறவனுக்கு ஒரு வெள்ளைக் கல். அதில் எழுதியிருக்கும் புதுப்பெயர் பெறுகிறவனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அடுத்தவன் வாசிக்க முடியாத பரிசை எந்தப் பத்தியில் வரவு வைப்பது?

இன்னும் ஒன்று. ஏழு சபைகளில் ஒரு நல்ல வார்த்தைகூட வாங்காதது லவோதிக்கேயா. சூடுமில்லை, குளிருமில்லை, பணம் மட்டும் உண்டு. சிமிர்னா ஏழை, சிறையும் சாவும் அதற்குக் காத்திருக்கின்றன, கண்டனமே இல்லாத சபை. சம்பளக் கணக்கு என்றால் சிம்மாசனம் சிமிர்னாவுக்குப் போயிருக்க வேண்டும். கிறிஸ்துவோடு சிம்மாசனத்தில் உட்காரும் வாக்கு லவோதிக்கேயாவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது! திருந்தினால்தான், ஜெயித்தால்தான், இருந்தாலும் கதவு அங்கேதான் தட்டப்படுகிறது. மத்தேயு 20-ல் கடைசி மணி நேரத்தில் வந்த கூலியாளுக்கும் முழுக்கூலி. முணுமுணுப்பவன் விடியற்காலையில் வந்தவன். மத்தேயு 25-ல் ராஜ்யத்தைப் பெறுகிறவர்கள், எப்போது உம்மைப் பசியோடு கண்டோம் என்று திகைக்கிறார்கள். பலனை எண்ணாமல் சோறு போட்டவர்கள் அவர்கள். அவர்களிடம் பேரேடு இல்லை.

மாற்கு 13 ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: அந்த நாள் குமாரனுக்கே தெரியாது. குமாரனுக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்கிற ஆசையை விசுவாசம் என்று அழைப்பது எனக்குப் புரியவில்லை. அந்த ஆசைக்கு இடம் கொடுத்ததால் வயல்கள் அழுகின, சேமிப்புகள் கரைந்தன, காத்திருந்தவர்கள் வெட்கப்பட்டார்கள். அவர்களுடைய காத்திருப்பைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. காத்திருக்கத் தெரிந்தவர்களின் கையில் காலண்டரைத் திணித்தவர்கள் மேல்தான் கோபம்.

அடுத்த தேதியும் வரும். மேற்காசியாவில் யுத்தம் மூளும்போதெல்லாம் பென்சில்கள் கூராக்கப்படுகின்றன. அது தவறும்போது சிரிக்கத் தயாராக இருக்கிற நம் நண்பர்கள், அதற்கு முன்னால் இருபத்திரண்டு அதிகாரங்களையும் ஒரு தரம் படித்துவிடட்டும்.