நடராசன் குனிந்து பார்த்தது

மலையாள வாசகர்கள் கற்பனாவாதத்தின் பிறப்பைப் பொதுவாக 1907-இல் வந்த குமாரன் ஆசானின் ‘வீணபூவி’லிருந்து கணக்கிடுவார்கள். நாம் பாரதியிலிருந்து. இரண்டு கணக்கிலும் 1891 விட்டுப்போகிறது. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்ட ஆண்டு அது.

அந்த நூலில் இன்று நமக்கு மிஞ்சியிருப்பது தமிழ்த்தாய் வாழ்த்து, அதுவும் சில அடிகள் போக. பாடி முடிந்ததும் உட்கார்ந்துவிடுகிறோம். கதை லிட்டன் பிரபுவிடம் எடுத்தது. இளவரசி, கனவில் கண்ட காதலன், சூழ்ச்சிக்கார அமைச்சன், சுரங்கம் என்று கற்பனாவாதத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் உண்டு. அவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். நின்று பார்க்க வேண்டியவன் நடராசன்.

இளவரசியின் தோழி வாணியின் காதலன் இவன். ஏங்கி உருக வேண்டிய நேரத்தில் வயலோரம் நின்று ஒரு புல்லைப் பார்க்கிறான், வாய்க்காலைப் பார்க்கிறான், பிறகு குனிந்து நாங்கூழ்ப் புழுவைப் பார்க்கிறான். ஷெல்லிக்கு வானம்பாடி வாய்த்தது, நம்மவருக்கு மண்புழு! மண்ணைத் தின்று அரைத்துப் பதமாக்கிவிட்டு, பாராட்டுக்கு நிற்காமல் வளைக்குள் மறையும் அந்தப் புழுவை உழவர்க்கெல்லாம் அரசனாக்குகிறான் நடராசன். மண்புழுக்கள் பற்றிய டார்வினின் நூல் வந்தது 1881-இல். பேராசிரியர் கண்ணில் அது படாமலா போயிருக்கும்?

கற்பனாவாதி இயற்கையிடம் போனால் பெரும்பாலும் தன் நெஞ்சைத்தான் கேட்டுவிட்டு வருவான். அமெரிக்க ஆழ்நிலைவாதிகள் அதே இயற்கையில், தம்மையும் புல்லையும் சேர்த்து இயக்கும் ஒன்றைத் தேடினார்கள். அதற்காக இவை பகை முகாம்கள் அல்ல. 1833-இல் கோல்ரிட்ஜையும் வேர்ட்ஸ்வொர்த்தையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த எமர்சன்தான் 1836-இல் ‘இயற்கை’யை எழுதினார். (அவர் கீதை படித்தவர் என்று நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வது தனிக்கதை.) நடராசன் நிற்பது எமர்சன் பக்கம்தான். ஆனால் எமர்சனைப் போல மண்ணிலிருந்து சட்டென ஆன்மாவுக்குத் தாவிவிடுவதில்லை. புழு அவனுக்குக் கடைசிவரை புழுவாகவே இருக்கிறது.

நாடகத்தில் சுந்தர முனிவரின் சீடர்கள் இருவர். நிஷ்டாபரர் தியானத்தின் பக்கம், கருணாகரர் பிறர் துயரின் பக்கம். ஆழ்நிலைவாதத்தின் முடிச்சும் இதுதான். 1845-இல் வால்டன் குளக்கரைக்கு ஒதுங்கிய தோரோ, மறு ஆண்டே அடிமைமுறையைத் தாங்கி நின்ற அரசுக்கு வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் கிடந்தார். இங்கேயோ, மருத்துவாமலையில் தவமிருந்த நாராயண குரு 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கத்தை நிறுவிச் சாதியின் வாசலையே அசைத்தார். அவருடைய சீடர்தான் ஆசான். பிள்ளை, குரு, ஆசான் மூவரும் ஒரே திருவிதாங்கூர்க்காரர்கள், இவ்வளவும் இருபது ஆண்டுகளுக்குள்.

இன்று ஆசானை மலையாளத் துறையும் பிள்ளையைத் தமிழ்த் துறையும் எமர்சனை ஆங்கிலத் துறையும் தனித்தனியே பாடம் நடத்துகின்றன. மூவரையும் ஒரே மேசையில் வைத்து எழுத முன்வருவோருக்கு அடுத்த இதழில் பக்கம் உண்டு. எங்களோடு மாறுபடுவோருக்கும்தான். சன்மானம் வழக்கம்போல் இல்லை.