இரட்டைக் குழந்தைகளும் அரச உதவியும்

கர்ப்பிணித் தாய்மாருக்கு 20,000 ரூபா பெறுமதியான போஷாக்கு உதவி வழங்கும் திட்டம் 2015ஆம் ஆண்டு ஆரம்பமானபோது அது பெரிதும் வரவேற்கப்பட்டது. எனினும் அத்திட்டம் தாயைக் கணக்கெடுத்ததேயன்றி, அவர் சுமந்த பிள்ளைகளைக் கணக்கெடுக்கவில்லை. 2023இல் அறிமுகமான அஸ்வெசும கொடுப்பனவும் குடும்பத்தின் வறுமைப் பிரிவைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகின்றது. ஒரே பிரிவைச் சேர்ந்த இரு வீடுகளில், ஒன்றில் ஒரு பிள்ளையும் மற்றையதில் இரட்டையரும் பிறந்தாலும் தொகை ஒன்றுதான்.

இரட்டையர் பெரும்பாலும் குறைமாதத்தில், நிறை குறைந்தே பிறக்கின்றனர். மூத்த பிள்ளையின் உடை இளையவருக்கு உதவும் என்ற வழக்கமான சிக்கனத்துக்கும் இங்கு இடமில்லை. கோமாரி முதல் கல்முனை வரை கடலையும் வயலையும் நம்பி வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு இச்சுமை பொதுவானது. சிங்கப்பூரில் பிறப்புக் கொடுப்பனவு பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழங்கப்படுகின்றது. இங்கும் பிரசவத்தையன்றிப் பிள்ளைகளை எண்ணி உதவி வழங்க அரசு முன்வர வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.